மாத்தூர் மாடிக் கிழங்கு

மஸ்கட்டில் ஒரு காய்கறிக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் கீப்பர் வேலை பார்க்கிறேன். எகிப்துக் கிழங்கா, பாகிஸ்தான் கிழங்கா, நம் ஊர்க் கிழங்கா என்று உருளைக்கிழங்கைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் அதற்கு என்ன கதி வந்தது என்று நீங்களே பார்க்கப் போகிறீர்கள்.

என் தங்கை கோமளாவின் மகள் நித்யாவுக்குத் தை மாதத்தில் பூ வைக்கிற விசேஷம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குப் பூ வைத்து, புடவை கொடுத்து, நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தாய்மாமன் இல்லாமல் இது நடக்காது. பத்து நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை சென்னையில் இறங்கினேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விசேஷம், திங்கட்கிழமை திரும்ப வேண்டும்.

டாக்சி டிரைவர் தெற்குப் பக்கத்து ஆள். மாதவரம் தாண்டியதும் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டார். "சார், இந்தப் பக்கமெல்லாம் நான் வர்றதே இல்ல. மாத்தூர்னு பாத்ததும் கேன்சல் பண்ணிடலாம்னுதான் நெனச்சேன்" என்றார். ரசாயன ஆலைகளை ஒட்டிய ஊர் என்பதால் பலரும் இப்படித்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் முன்னால் போன கன்டெய்னர் டிரெய்லர் நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கு முன்னால் இன்னொன்று. துறைமுகம் வரைக்கும் இதே வரிசைதான் என்று பக்கத்து லாரிக்காரர் சொன்னார். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. மஸ்கட்டில் இப்படி நின்றால் ஹாரன் அடித்தே கொன்றிருப்பார்கள். இங்கே லாரிக்காரர்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனையில் டாக்சியை நிறுத்தச் சொல்லி ஒரு பெட்டி தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டேன். என் வயிற்றுக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்வதில்லை. கல்ஃபிலிருந்து வருகிற எல்லோரும் செய்வதுதான். வாசலில் நின்ற கோமளா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உள்ள வெய்யி அண்ணே" என்றாள்.

நாஸ்டாவுக்கு இட்லியும் வடகறியும். கை கழுவியதும் என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். அங்கே நாற்பது வெள்ளை அரிசி மூட்டைப் பைகள், பாதி வரை மண் நிரப்பி, வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்குச் செடி. எல்லாம் உருளைக்கிழங்கு! சென்னையில், அதுவும் மாத்தூரில்! நான் வாயைப் பிளந்தேன்.

இதற்குப் பின்னால் ஒரு சபதம் இருந்தது. தீபாவளி கழிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்திருக்கிறார். பெரம்பூர்க்காரர், கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் வந்தவர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார். கேசரியைத் தொடவில்லை. தண்ணீர் கொடுத்தபோது பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்துக் குடித்தாராம். போகும்போது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தக் காத்துல என்னம்மா வெளையும்? மனுஷங்க எப்படித்தான் இருக்கீங்களோ" என்றாராம். மனதில் பட்டதைச் சொல்லும் மனுஷி, கெட்டவர் இல்லை என்கிறார்கள். ஆனால் கோமளாவுக்கு அது ஆறவில்லை. "பூ வெக்கிற அன்னிக்கி எங்க மாடில வெளஞ்ச உருளகெயங்குதான் உங்களுக்குப் பொரியல். பாத்துட்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கி வாய மூடிகினு இருந்திருந்தா இந்த பேஜாரே கெடையாது மச்சான்" என்றான் ஏழுமலை. அவன் கோமளாவின் கணவன், கன்டெய்னர் யார்டில் வேலை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் உண்டு. ஆனால் மழைக்கு ஏறிய வெள்ளம் வடிந்த பிறகு மண்ணில் எண்ணெய்ப் பிசுக்கு நின்றுவிட்டது. அதில் கோமளா எதையும் நடுவதில்லை. செங்குன்றம் பக்கமிருந்து வண்டியில் மண் கொண்டுவந்து, பக்கத்துத் தெரு மாட்டுக்காரரிடம் சாணி எரு வாங்கி, பைகளில் நட்டிருந்தாள். போன வருஷமும் பத்துப் பைகளில் போட்டாளாம். ஏழுமலை வாரா வாரம் நோண்டி நோண்டிப் பார்த்ததில் கோலிக்குண்டு அளவுக்கே கிடைத்ததாம். அதனால் இந்த வருஷம் கட்டளை: அவள் சொல்கிற நாள் வரைக்கும் யாரும் பையில் விரலை விடக்கூடாது.

ஆகவே உள்ளே கிழங்கு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கோமளாவின் வார்த்தை முழுக்க அந்த மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

காலையில் அவள் எழுந்ததும் ஜன்னல் கம்பிகளில் படிந்த கறுப்புத் தூசியை ஈரத்துணியால் துடைப்பாள். அந்த வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் இது நடக்கும். துடைத்து முடித்ததும் வேறு துணி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் செடிகளின் இலைகளைத் துடைப்பாள். நாற்பது செடி, ஒவ்வொரு இலையாக. மஸ்கட்டில் என் முதலாளி தன் காரைக்கூட இப்படித் துடைத்துப் பார்த்ததில்லை.

ஞாயிறும் திங்களும் உறவுக்காரர்களுக்குச் சொல்லப் போனோம். ராயபுரத்தில் பெரியம்மா மகன் வீடு, திருவொற்றியூரில் சின்ன அத்தை வீடு. காசிமேட்டில் இறங்கி வஞ்சிரம் வாங்கினேன், மீன்காரம்மா என்னைப் பார்த்ததுமே வெளிநாட்டுக்காரன் என்று கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலம் வண்டிக்கடையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டோம், புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமுமாக. இந்த ருசி வேறெங்கும் கிடையாது. ஆனால் எண்ணம் முழுக்க மாடியில்தான்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் எதிரில் இரண்டு பெண்கள். ஒருத்தி மூக்கைச் சுருக்கினாள். "வாசன வர்து பாத்தியா?" "இன்னிக்கி கம்மிதான். எங்க வூட்டு முருங்கை அதுலதான் பட்டுப்பூட்ச்சி." "எங்க கறிவேப்பலயும்." ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்து, "எங்க வூட்ல ஃபிரிட்ஜே பூட்ச்சி யக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எது கெட்டாலும் கேஸ், அதாவது ஆலைகளிலிருந்து அடிக்கிற நச்சுக் காற்று, அதன் மேல்தான் பழி. அது அங்கே பேச்சில் உப்பு மாதிரி. நானும் சிரித்தேன். அதே புத்தி என் தலைக்குள்ளும் ஏறிக்கொண்டதை அப்போது கவனிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நிஜமாகவே நாற்றம் வந்தது. தொண்டை கரகரத்தது. நித்யா ஜன்னல்களைச் சாத்தினாள். எந்தத் திசையிலிருந்து, எதனால் என்று கேட்டேன். "தெரிஞ்சா சொல்ல மாட்டனா மாமா" என்றாள்.

வியாழக்கிழமை கோமளாவும் நித்யாவும் வண்ணாரப்பேட்டைக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போனார்கள். அவர்கள் தெருவைத் தாண்டியதும் ஏழுமலை என் தோளைத் தொட்டான். முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், மேல வா."

மாடியில் செடிகள் சாய்ந்து கிடந்தன. நான் வந்த அன்றே அடி இலைகள் கொஞ்சம் மஞ்சளாக இருந்தன. இப்போது தண்டு வரைக்கும் மஞ்சள். சில செடிகள் காய்ந்து மூட்டை விளிம்பில் தொங்கின.

"நேத்து கேஸ் அடிச்சிதில்ல. மொத்தமும் பூட்ச்சி" என்றான். "பத்து நாளா அவ தண்ணிகூட ஊத்தல மச்சான். அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிகீது. நம்மகிட்ட சொல்லாம உள்ளயே வெச்சிகினு கீறா."

அவன் ஒரு பையருகே குனிந்து மண்ணில் கை வைக்கப் போனான். பிறகு என்னைப் பார்த்தான். "நீ கெயங்குக்காரன். நீ சொல்லு."

நான் குந்தி உட்கார்ந்தேன். ஒரு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மண்ணை முகர்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் கிடங்குக்கு ஒரு கிழங்குகூட இலையோடு வந்ததில்லை. உருளைக்கிழங்குச் செடியையே இந்தப் பயணத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஆனால் 'தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை.

"செத்துப்போச்சு மாப்ள" என்றேன். "விஷம் வேருல எறங்கியிருக்கும். கெயங்கு இருந்தாலும் தொடாத. விருந்தாளிக்குப் போட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா கல்யாணமே நின்னுடும்."

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் இதைப் பார்க்கக் கூடாது, அதுதான் அவனுக்கு. அவள் திரும்புவதற்குள் பைகளை அப்புறப்படுத்திவிடுவது, மார்க்கெட்டில் நல்ல கிழங்காகப் பார்த்து வாங்கி வந்து, 'நாங்களே தோண்டிட்டோம்' என்று சொல்லிவிடுவது. இதுதான் திட்டம். மடத்தனமான திட்டம் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த மாடியில் நின்றபோது எங்களுக்கு அது பெரிய கருணையாகத் தெரிந்தது.

பாஷா பாய் மீன்பாடி வண்டியோடு வந்தார். முன்னால் மரத்தட்டு, பின்னால் பழைய மோட்டார், நான்கு தெருவுக்குக் கேட்கும் சத்தம். கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளமான மனையை நிரப்ப மண் கேட்கிறார்கள், அங்கே கொட்டிவிடுகிறேன் என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு பையாகக் கீழே இறக்கினோம். பதினெட்டுப் பைகள் ஏறின. மிச்சத்துக்கு இன்னொரு நடை வருவதாகச் சொல்லிவிட்டு டபடபவென்று போனார்.

பத்தொன்பதாவது பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினோம். மூன்று மாத வெயிலில் மக்கியிருந்த பிளாஸ்டிக் பை நட்டநடுப் படியில் கிழிந்தது. மண் கொட்டியது. மண்ணோடு என்னவோ உருண்டது. தட், தட் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே செருப்பு விடுகிற இடத்தில் போய் நின்றது.

உருளைக்கிழங்கு. என் கைப்பிடி அளவு. பின்னாலேயே இன்னொன்று. மண்ணைக் கிளறினால் இன்னும் ஐந்து. அழுகல் இல்லை, புள்ளி இல்லை. தோல் கட்டி, கெட்டியாக, மண் வாசனையோடு இருந்தன. என் கிடங்கில் முதல் தரம் என்று எழுதி வைக்கிற சரக்கு.

ஏழுமலை படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பதினெட்டு மூட்ட மச்சான்" என்றான்.

பாஷா பாய்க்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. அந்த மோட்டார் சத்தத்தில் போன் எங்கே கேட்கும்! ஏழுமலையின் பழைய ஸ்கூட்டரில் ஏறினோம். இரண்டு தெருவில் மறுபடியும் டிரெய்லர் வரிசை. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் புகுந்தவன் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டான். இரண்டு பக்கமும் என் உயரத்துக்குச் சக்கரம். முன்னால் இருந்த வண்டி பிரேக்கை விட்டுப் புஸ்ஸென்று மூச்சு விட்டபோது என் உயிரே போய்விட்டு வந்தது.

"நீ எறங்கி ஓடு மச்சான். நான் அப்பால வரேன்."

ஐம்பத்து மூன்று வயதில் ஓடினேன். டிரெய்லர்களின் ஓரமாக, டீ குடிக்கிறவர்களின் ஓரமாக. ஒரு லாரிக் கிளீனர், "இன்னா பெர்சு, யார் தொர்த்துறாங்க?" என்று கேட்டான். வரிசை முடிந்த இடத்தில் ஒரு ஆட்டோ கிடைத்தது. வழி நெடுக என் மனதில் ஒன்றுதான் ஓடியது: லாரியில் கொண்டுவந்த மண்ணை மேலே கொட்டியிருப்பார்களோ, புல்டோசர் ஏற்றியிருப்பார்களோ.

கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் மனை. புகை, மேலே வட்டமிடுகிற பருந்துகள். பாஷா பாயின் வண்டி காலியாக நின்றது. அவர் டீ வாங்கப் போயிருந்தார். பள்ளத்தில் மூன்று பெண்கள் குனிந்திருந்தார்கள். மூன்று பேரும் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள், மேல்கோட்டு போட்டபடி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய், அதில் குவியலாக எங்கள் கிழங்கு.

மூச்சு வாங்கிக்கொண்டே, "யக்கா, அது எங்குளுது" என்றேன்.

நடுவில் இருந்தவள் நிமிர்ந்தாள். அவள் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. "இங்க கொட்டினது யார் கையில கெடைக்கிதோ அவங்குளுது. அதான் இங்க கணக்கு" என்றாள். "இந்த மாதிரி கெயங்க எவனாச்சும் பள்ளத்துல கொட்டுவானா? நீ இன்னா பெரிய கோடீஸ்வரனா?"

பணம் எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். அவள் முகம் மாறியது. "துட்ட உள்ள வெய்யி."

வேறு வழியில்லாமல் நடந்ததை முழுவதும் சொன்னேன். பெரம்பூர்க்கார அம்மா, பாட்டில், சபதம், மஞ்சள் இலை, எங்கள் புத்திசாலித்தனம், எல்லாம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். மற்ற இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பாட்டில் கதை வந்தபோது மட்டும் மூன்று பேருமே சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்கு வந்தாலும் அப்டிதான்" என்றாள் அஞ்சலை. "எங்க வேல பாக்குறோம்னு தெரிஞ்சா கதவாண்டயே நின்னு பேசிட்டுப் பூடுவாங்க." குவியலைக் கையால் கிளறினாள். "சரி, பூ வெக்கிற சோத்துக்குன்ற. கூறு போட்டுக்கலாம். மூணு கூறு உனுக்கு, ஒரு கூறு எங்குளுக்கு."

மீன் ஏலத்தில் கூறு கட்டுவது போலவே, பெரிது சிறிது கலந்து நான்கு கூறாகப் பிரித்தாள். எந்த மூன்று வேண்டும் என்று என்னையே எடுக்கச் சொன்னாள். அவ்வளவு நியாயமான பங்கீட்டை என் கிடங்கில் பார்த்ததில்லை. தார்ப்பாயையும் அவளே கொடுத்தாள். "மூடி எடுத்துகினு போ. வெயில் பட்டா பச்சையாய்டும்."

ஸ்கூட்டரை விடுவித்துக்கொண்டு ஏழுமலை வந்து சேர்ந்தபோது நான் பாஷா பாயின் வண்டியில் கிழங்குகளோடு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். படியெல்லாம் மண். கோமளா மாடியில், மிச்சமிருந்த பைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த ஏழு கிழங்குகளில் ஒன்று.

ஏழுமலை ஆரம்பித்தான். "இல்லமே... கொடுங்கையூர் குப்பமேட்டாண்டதான் கொட்னோம்... கேஸ்ல செடியெல்லாம் பயுத்து..."

"பயுத்தாதான்யா கெயங்கு ரெடின்னு அர்த்தம்!" அவள் கத்திய கத்தலில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவள் திரும்பினாள். "எல காயணும். காய ஆரம்பிச்சாலே தண்ணி வுடக் கூடாது. வுட்டா தோல் கட்டாது. அதுக்குதான் நிறுத்தி வெச்சேன். நாளைக்கி காலீல நாலு பேரும் சேந்து தோண்டலாம்னு கீறேன், நீங்க வாரி குப்பமேட்டுல கொட்டிட்டு வந்து நிக்கிறீங்க!"

நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"இந்த ஊர்ல எது பட்டாலும் கேஸு. பயுத்தாலும் அதேதானா? நட்டவ நான் ஒர்த்தி கீறேன். ஒரு வார்த்த, ஒரே ஒரு போன், என்னாண்ட கேட்டீங்களா ரெண்டு பேரும்?" என்னைப் பார்த்தாள். "நீ வேற. கெயங்குக்காரன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவளுக்கு இரக்கம் காட்டுகிறோம் என்று நினைத்தோம், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.

கொடுங்கையூரிலிருந்து மீண்டு வந்த கிழங்கை அவள் தனியாக ஒரு கூடையில் போட்டாள். "இத்த நம்ம துன்னலாம். அவங்குளுக்கு வைக்க மாட்டேன். அந்தம்மா சொன்ன பேச்சுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆய்டும்." ஆக விருந்துக்கு மிச்சம் இருபத்தோரு பை, படியில் கொட்டிய ஏழு கிழங்கு. வருகிறவர்கள் முப்பது பேர். போதுமா என்று ஏழுமலை கேட்கப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை தோண்டினோம். பையைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய சேலையில் மண்ணைக் கொட்டி, கையாலேயே துழாவ வேண்டும். மண்வெட்டி வேண்டாம் என்றாள், கீறல் பட்டால் கெட்டுவிடுமாம். முதல் பையில் நான்கு. இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் ஒன்றே ஒன்று, அதுவும் நெல்லிக்காய் அளவு. நித்யா உதட்டைக் கடித்தாள். நான்காவது பையில் என் விரல் குளிர்ந்த, உருண்டையான ஒன்றில் பட்டது. இழுத்தேன், கொத்தாக வந்தது. "கோமு!" என்று கத்திவிட்டேன். எத்தனை லாரி இறக்கியிருப்பேன், ஒரு நாளும் இப்படிக் கத்தியதில்லை. இருபத்தோரு பையும் முடிந்தபோது பெரிய அன்னக்கூடை நிறைந்து, மேலே கொஞ்சம் குவிந்திருந்தது. கோமளா கண்ணாலேயே அளந்தாள். "இழுத்துப் புடிச்சா பத்தும்" என்றாள்.

கூடையில் தனியாக இருந்தவற்றில் சிலதை நன்றாகக் கழுவி அன்று மத்தியானம் வேகவைத்தாள். கட்டைவிரலால் தள்ளினால் தோல் கழன்றது. உப்பு, மிளகுத்தூள், அவ்வளவுதான். உள்ளே மாவாக, லேசான இனிப்போடு இருந்தது. என் கிடங்குக் கிழங்கு எட்டு மாதம் குளிரில் கிடந்து வருவது, அதன் ருசியைத்தான் நான் உருளைக்கிழங்கின் ருசி என்று நினைத்திருந்தேன். நான்கு சாப்பிட்டேன். தொண்டையில் அடைத்ததும் அறைக்குப் போய் என் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு வந்து ஐந்தாவதையும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்து வேனில் வந்தார்கள். சம்பந்தியம்மா இறங்கும்போதே கவனித்தேன், பையில் பாட்டிலின் தலை தெரிந்தது. கோமளாவும் பார்த்தாள். நித்யாவுக்குப் பூ வைத்தார்கள், நான் மாமன் சீர் கொடுத்தேன். நாற்றம் எதுவும் வந்துவிடக்கூடாதே என்று ஏழுமலை அடிக்கடி வாசலுக்குப் போய் மூக்கை நீட்டிவிட்டு வந்தான்.

பந்தி போட்டார்கள். சாம்பார், வடை, பாயசம், அப்பளம், இலையின் வலப்பக்கம் பொன்னிறமாக வறுத்த உருளைக்கிழங்கு. கோமளா தானே பரிமாறினாள். சம்பந்தியம்மா ஒரு துண்டை எடுத்து விரலில் புரட்டிப் பார்த்தார். "இது அதுதானா?"

"அதேதான். மேல மாடில பையி கீது, மண்ணு கீது. சாப்ட்டு வந்து பாருங்க."

வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார். பிறகு சாதத்தை விட்டுவிட்டு அதையே சாப்பிட்டார். இலையில் இருந்தது தீர்ந்ததும் கோமளா மறுபடி வைத்தாள். மூன்றாவது வாயில் அவருக்கு விக்கல் எடுத்தது.

கை பாட்டிலுக்குப் போனது. தூக்கியவர் அப்படியே வைத்துவிட்டார். வேனில் வரும்போதே பேரக்குழந்தை குடித்துத் தீர்த்திருந்தது. விக்கல் பெரிதாக வந்தது. கண்ணில் நீர் கோத்தது. கோமளா பித்தளைச் சொம்பும் தம்ளருமாக இலைக்கு முன்னால் நின்றாள். லாரியில் வந்த தண்ணீரைக் காய்ச்சி, சீரகம் போட்டு, பானையில் ஆறவைத்தது. அவள் நீட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த இக்கட்டைத் தீர்க்க என்னிடம் வழி இருந்தது. அறையில் சீல் உடைக்காத பாட்டில் மூன்று பாக்கி. எழுந்து இரண்டு அடி வைத்தேன்.

"அண்ணே" என்றாள் கோமளா, திரும்பாமலே. "உக்காரு."

உட்கார்ந்தேன்.

சம்பந்தியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி விக்கினார். பிறகு கையை நீட்டினார். "குடும்மா."

முழுத் தம்ளரையும் குடித்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடி இருந்தார், விக்கல் வருகிறதா என்று பார்ப்பவர் போல. வரவில்லை. "சீரகம் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுத் தம்ளரை மறுபடி நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து. கிழங்கும் வை."

சாயங்காலம் வேன் கிளம்பிப் போனது. சம்பந்தியம்மா விருந்துக்கு வறுத்தது போக மிஞ்சிய கிழங்கை ஒரு சின்னப் பையில் மடியில் வைத்துக்கொண்டு ஏறினார், கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏழுமலை நாற்காலிகளை அடுக்கினான். நாங்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். கொடுங்கையூர்க் கூடையில் மிச்சமிருந்ததை வறுத்துப் போட்டாள். அஞ்சலை அக்காவும் இந்நேரம் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோமளா எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பித்தளைத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தம்மா ஒரு நாள் வந்துட்டுப் போனவங்க, அவங்க மேல எனுக்கு இன்னா கோவம்" என்றாள். "நீ பத்து நாளா கீறே அண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதல் நாள் வாசலில் அவள் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தம்ளரை எடுத்துக் குடித்தேன். பானைக் குளிர்ச்சியும் சீரக வாசனையுமாக இருந்தது. காலித் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் மறுபடி ஊற்றினாள்.